வழித்துணைக்கு ஒரு துவக்கா?

ரொறன்ரோவிலிருந்து பழைய நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். கொஸ்லந்தவை அடுத்த தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். பதுளையில் என்னோடு ஒரே வாங்கில் அமர்ந்து படித்தவர். 1983க்குப் பின் நாட்டைவிட்டுப் போனவர்களுள் ஒருவர். வருகிற ஆகஸ்டில் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் சகிதம் வருகிறாராம். கட்டுநாயக்கவில் வான் ஒன்றை அமர்த்திக்கொண்டு பலாங்கொடை, ஹல்துமுல்லை, பெரகல வழியாகக் கொஸ்லந்த. அங்கே இரண்டு நாள். பிறகு தியலும நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டு வெல்லவாய, புத்தல, கதிர்காமம். நல்ல பயணத் திட்டம்தான். கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மச்சான், ஒன்று கேட்க வேண்டும். அந்த ரோட்டில் போகும்போது வானுக்குள்ளே வைத்துக்கொள்ளச் சட்டப்படி என்ன துவக்கு எடுக்கலாம்? கைத்துப்பாக்கி தரமாட்டார்கள் என்று தெரியும். நீளத் துவக்கைத்தான் கேட்கிறேன். இரட்டைக் குழல் நல்லதா, பம்ப் வகை நல்லதா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் ஒருவர் மட்டுமே கேட்டிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். எல்லவில் விடுதி நடத்தும் ஒருவர் இதையே கேட்டார். தேயிலைச் சிறுதோட்டம் வைத்திருக்கும் ஒருவர், தொழிற்சாலைக்குப் போய்ப் பணத்தோடு திரும்பும் வழிக்கு ஒரு துவக்கு இருந்தால் தேவலை என்றார். கல்யாண வீடொன்றில் ஓய்வுபெற்ற தோட்டத்துரை ஒருவர், "எங்கள் காலத்தில் ஜீப்பின் பின்னிருக்கையில் துவக்கு இல்லாமல் பெரகலயைத் தாண்டமாட்டோம்" என்று பெருமையோடு சொன்னார். 2025 பெப்ரவரியில் புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு இந்தப் பேச்சு பெருத்துவிட்டது. "பாதாள உலகத்தவனிடம் துவக்கு இருக்கிறது, எங்களிடம் மட்டும் ஏன் இருக்கக் கூடாது?" கேட்பதற்கு நியாயம் போலத்தான் தோன்றுகிறது. நியாயமன்று. ஊவாவின் பாதைகளில் வழித்துணையாகத் துவக்கைக் கொண்டுபோக வேண்டும் என்னும் எண்ணம் எமக்குச் சொந்தமானதே அல்ல. அது வெள்ளைத்துரை விட்டுச்சென்ற பழைய சப்பாத்து. நம் காலுக்கு அது பொருந்தியதும் இல்லை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். இலங்கையில் துப்பாக்கிகளை ஆள்வது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். 1915 கலவரம் நடந்து அடுத்த ஆண்டே பிறந்த சட்டம். பிற்பாடு பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. 1996 இல் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. ஆயினும் அடிப்படை மாறவில்லை: துவக்கு வைத்திருப்பது குடிமகனின் உரிமை அன்று, அரசு தருகிற சலுகை. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். எதற்காகக் கேட்கிறாய் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். பயிர்ப் பாதுகாப்பு என்று கேட்பவன் பயிரையும் நிலத்தையும் காட்டியாக வேண்டும். தனிப்பட்ட பாதுகாப்பு என்று கேட்பவன் தன் உயிருக்கு என்ன ஆபத்து என்று பாதுகாப்பு அமைச்சுக்குக் காட்ட வேண்டும். விளையாட்டுக்கென்று கேட்பது இன்னொரு வகை. 'பிரயாணத்துக்கு' என்றொரு வகை இல்லவே இல்லை. கனடாக் கடவுச்சீட்டோடு இரண்டு வாரம் வந்து போகிற என் நண்பர் முன் அனுமதி இல்லாமல் தன் துவக்கை விமானத்தில் கொண்டுவரவும் முடியாது. இங்கே யாரோ ஒருவருடையதை இரவல் வாங்கி வானில் வைத்தால், பிடிபடும்போது இரவல் கொடுத்தவரும் சேர்ந்து கம்பி எண்ண வேண்டியதுதான்.

'தனிப்பட்ட பாதுகாப்பு' என்ற அந்த வகைக்கு என்ன கதி நேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024 இறுதியில் பாதுகாப்பு அமைச்சு, தனிப்பட்ட பாதுகாப்புக்கென்று வழங்கிய துப்பாக்கிகளை எல்லாம் மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்குமாறு உத்தரவிட்டது. அரசியல்வாதிகளும் வர்த்தகர்களும் வரிசையில் நின்று கொடுத்தார்கள். அந்த உத்தரவை நான் மனதார வரவேற்றேன். யாருடைய உயிர் துவக்கு வைத்துக் காக்கத் தக்கது என்பதை இந்த நாட்டில் எப்போதும் பதவியும் பணப்பையுமே தீர்மானித்து வந்திருக்கின்றன. கொழுந்துப் பையைச் சுமந்துகொண்டு மாலை ஆறு மணிக்குக் காட்டுப் பாதையில் தனியே நடக்கும் பெண்ணின் உயிருக்கு ஆபத்து உண்டு என்று எந்த அமைச்சும் ஒருநாளும் எழுதிக் கொடுத்ததில்லை.

சரி, சட்டம் இடம் கொடுத்ததாகவே வைத்துக்கொள்வோம். என்ன துவக்கை எடுப்பது? நண்பர் கேட்ட கேள்விக்கு மரியாதை கொடுத்து அதையும் பேசிவிடலாம்.

நம்மூரில் சட்டப்படி கிடைக்கக்கூடியது பன்னிரண்டு போர் வேட்டைத் துவக்கு. செய்தித்தாள்களில் 'போரா 12' என்று வருவது. அந்தப் பன்னிரண்டு என்ன கணக்கு என்று பலருக்குத் தெரியாது. குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஓர் இறாத்தல் எடை, அவ்வளவுதான். பழைய இங்கிலாந்துக் கணக்கு. அதன் தோட்டாவுக்குள் இருப்பது ஒரே ரவை அன்று, சிறு குண்டுகளின் கூட்டம். குழலை விட்டு வெளியேறியதும் விரிந்து பரவும். பாய்ந்தோடும் காட்டுப்பன்றியையும் பறக்கும் கொக்கையும் அடிக்க அது உதவுவதற்கு அந்த விரிவே காரணம். நெரிசலான சந்தியில் அதைச் சுட்டால் குறிவைத்தவனோடு மூன்றாமவனுக்கும் அடி விழுவதற்கும் அந்த விரிவே காரணம். இரட்டைக் குழல் துவக்கின் குழல் மட்டும் இரண்டடிக்கு மேல். முழு நீளம் நான்கடிக்குச் சற்றுக் குறைவு. எட்டுப் பேர் அமர்ந்திருக்கும் வானுக்குள் அதைத் தூக்கித் திருப்பிப் பாருங்கள். முன்னிருக்கையில் இருப்பவரின் காதை உரசாமல் ஜன்னல் பக்கம் கொண்டுபோக முடியாது. துவக்கை மூன்று பாகமாகக் கழற்றிப் பையில் போட்டு வைக்கலாம் என்றார் நண்பர். வைக்கலாம். கொள்ளைக்காரன் வந்து கதவைத் தட்டும்போது, "தம்பி, கொஞ்சம் பொறு, பூட்டி முடித்துவிடுகிறேன்" என்று சொல்ல வேண்டியிருக்கும்.

நான் கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். துப்பாக்கிக்குக் கோயில் கட்டிக் கும்பிடுகிற அமெரிக்காவிலேயே நிலைமை இதுதான். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு என்பதால் பயணிகளைக் காப்பதற்கென்று 1986 இல் மத்திய அரசு ஒரு சட்டம் இயற்றியது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருக்க உரிமை உள்ளவன், இடையிலுள்ள மாநிலங்களை அதோடு கடந்து போகலாம். எப்படி? தோட்டா நீக்கி, கைக்கு எட்டாத இடத்தில், பின்பெட்டியில். பின்பெட்டி இல்லாத வண்டியானால் பூட்டிய பெட்டிக்குள். அதாவது, வழியில் உனக்கு ஆபத்து நேரும் கணத்தில் அது உன் கைக்கு வரக்கூடாது என்பதே அச்சட்டம் தரும் பாதுகாப்பின் நிபந்தனை! 2005 இல் ஒருவர் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் போகிறார். நியூ ஜெர்சியில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு, பயணப்பெட்டியைத் திரும்பப் பெற்று இரவு ஒரு விடுதியில் தங்குகிறார். மறுநாள் விமான நிலையத்தில், பெட்டியில் பூட்டிய துப்பாக்கி இருக்கிறது என்று தாமாகவே சொல்கிறார். கைது. சில நாள் சிறை. இரவு பெட்டி கைக்கெட்டிய தூரத்தில் இருந்ததல்லவா, ஆகவே அச்சட்டம் உமக்குத் துணை வராது என்று 2010 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. என் நண்பர் வாழும் கனடாவிலும் வேட்டைத் துவக்கை வண்டியில் கொண்டுபோகும்போது தோட்டா இருக்கக் கூடாது. வட ஒன்றாரியோக் காட்டில் கரடிக்குப் பயந்து முகாமில் வைத்துக்கொள்வது ஒரு கதை. நெடுஞ்சாலையில் மனிதனுக்குப் பயந்து வைத்துக்கொள்வது வேறு கதை. அந்த வேறுபாடு அவருக்கு நன்றாகவே தெரியும். கட்டுநாயக்கவில் இறங்கியதும் ஏன் மறந்துபோக வேண்டும் என்பதே என் கேள்வி.

மறந்துபோவதற்குக் காரணம் உண்டு. ஊவாவின் பாதையை நாம் அனைவரும் முதலில் துரைமாரின் கதைகள் வழியாகவே அறிந்தோம். காடு, யானை, சிறுத்தை, தொப்பி அணிந்து துவக்குப் பிடித்த மனிதர். அந்தக் கதைகளின் தலைவன் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். பதுளையைத் தலைமையிடமாகக் கொண்டு ஊவாவை ஆண்ட அதிகாரி. ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று சொல்லப்படுபவர். இந்த மாகாணத்தின் வழிகளில் அவரைவிட அதிக ஆயுதத்தோடு போய்வந்தவன் எவனுமில்லை எனலாம். 1845 ஜூன் 7 ஆம் திகதி ஹப்புத்தளையில், மழைக்கு ஒதுங்கிய இடத்தில், இடி விழுந்து செத்தார். பதுளையில் புனித மாற்கு ஆலயம் எழுந்தது அவர் நினைவாக. நுவரெலியாவில் கல்லறை. இடியைச் சுட எந்த ரவையும் இல்லை.

அந்தக் காலத்தில் எமது பாட்டன்மார் எப்படி வந்தார்கள்? மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலைகளுக்கு ஏறினார்கள். தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை. யானைக்கும் கரடிக்கும் பயந்துதான் நடந்தார்கள். ஆனால் கூட்டங்கூட்டமாக வீழ்த்தியது யானையன்று. வாந்திபேதியும் பசியும் நல்ல தண்ணீர் இல்லாமையும். வழியில் வேண்டியிருந்தது ஒரு கிணறும் ஒரு மருந்துச்சாலையும். துரைக்கோ ரைபிள் இருந்தது. அவர்களுடைய பயம் வேறு, எங்களுடைய சாவு வேறு.

துரைமாருக்கென்று 1900 இல் ஒரு படையணியே உருவாக்கப்பட்டது: இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை. 1949 இல் கலைக்கப்படும் வரை ஐரோப்பியத் துரைமார் அதில் தொண்டராகப் பயிற்சி பெற்றார்கள். ஐம்பது ஆண்டுக்காலம் மலைநாட்டில் நீளத் துவக்கு என்றால் அது யார் தோளில் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அது யாரை நோக்கித் திரும்பியது என்பதற்கும் சாட்சி உண்டு. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டவர்கள் மீது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் வீழ்ந்தார். 1977 மேயில் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணி பறிபோவதைத் தடுக்க நின்ற சிவனு லெட்சுமணன் வீழ்ந்தார். எங்கள் பெயர்ப் பட்டியலில் துவக்கு வந்து சேரும் இடம் எப்போதும் இறந்தவர் பக்கம்தான். இதை அறியாமல் ஒருவர் பின்னிருக்கையில் துவக்கு வைத்துப் போன பெருமையைப் பேசினால், அவர் எந்த ஜீப்பில் ஏறியிருக்கிறார் என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டில் வைத்த துவக்கு வீட்டுக்காரனிடமே தங்கும் என்ற உறுதியும் இல்லை. கொஸ்லந்தவிலிருந்து கீழே இறங்கினால் வெல்லவாய. 1971 ஏப்ரல் 5 ஆம் திகதி விடியற்காலையில் மக்கள் விடுதலை முன்னணிக் கிளர்ச்சியாளர் தாக்கிய முதல் பொலிஸ் நிலையம் அதுதான். அன்றிரவு நாடு முழுவதும் ஒரே நேரத்தில் தாக்குவதாகத் திட்டம். தந்தியைத் தவறாகப் புரிந்துகொண்டு இவர்கள் காலையிலேயே தொடங்கிவிட்டார்கள். அந்தக் கிளர்ச்சியில் அவர்கள் கையில் இருந்தவை நாட்டுக் குண்டுகளும் வேட்டைத் துவக்குகளும். வேட்டைத் துவக்குகள் எங்கிருந்து வந்தன? கிராமத்து வீடுகளிலிருந்து, அனுமதிப்பத்திரத்தோடு சுவரில் தொங்கியவை. 1980களின் இறுதியில் வந்த இரண்டாம் கிளர்ச்சியிலும் வீடுவீடாக இதுவே நடந்தது. அந்த இயக்கம் தன் தொண்டர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளுள் ஒன்று 'இந்திய விஸ்தரிப்புவாதம்'. தோட்டத் தமிழனை அதன் கருவியாகக் காட்டிய வகுப்பு அது. ஒருவனுடைய வேலிக்குக் காவல் என்று அரசு கொடுத்த துவக்கு, இரவோடிரவாக வேறொருவன் கைக்குப் போய், லயத்தில் உறங்கும் மூன்றாமவனுக்கு அச்சமாக மாறியது.

இனி, இதற்கு வரக்கூடிய பதிலை அறிவேன். நண்பரே சொன்னார், குரல் தழுதழுக்கச் சொன்னார். "83 இல் எங்கள் அப்பாவிடம் ஒரு துவக்கு இருந்திருந்தால்...?"

இந்தக் கேள்வியைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. 1983 ஜூலை 27 ஆம் திகதி வரை பதுளை அமைதியாக இருந்தது. கொழும்பு எரிவதை வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தோம். அன்று காலை பத்து மணியளவில் நகர நடுவே தமிழர் ஒருவரின் மோட்டார் சைக்கிள் எரிந்தது. நண்பகலுக்குள் கடைவீதி எரிந்தது. பிறகு வீடுகள். அந்தக் கும்பல் வான்களிலும் பஸ்களிலும் ஏறிப் பண்டாரவளைக்கும் ஹாலிஎலவுக்கும் வெலிமடைக்கும் போயிற்று. இரவுக்குள் லுணுகலையும் எரிந்தது. ஆம், அதுவும் ஒரு வகையில் 'பாதைப் பயணம்'தான். பாதையில் ஆயுதத்தோடு போனவர்கள் அவர்கள்.

ஊவாவின் சிறு நகரம் ஒன்றில் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் அனுமதிப்பத்திரம் உள்ள இரட்டைக் குழல் துவக்கு இருந்தது. காட்டுப்பன்றிக்கென வாங்கியது. கும்பல் தெருமுனைக்கு வந்தபோது அதை அலுமாரியிலேயே விட்டுவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிப் பின்மதிலுக்கு அப்பால் கொடுத்தார். அப்பாலிருந்து வாங்கியவர் ஒரு சிங்கள அம்மா. இரண்டு நாள் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் மறைத்து வைத்தார். பல ஆண்டுகள் கழித்து அவரிடம் கேட்டேன்: "ஐயா, ஏன் சுடவில்லை?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குழல் இரண்டு. தெருவில் இருநூறு பேர். இரண்டு பேரைச் சுட்டிருப்பேன். மிச்ச நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு ஒரு காரணம் கொடுத்திருப்பேன். அந்த அம்மாவின் வீட்டையும் சேர்த்து எரித்திருப்பார்கள்." கடை போயிற்று. அலுமாரியும் துவக்கும் போயின. பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எல்லோருக்கும் மதிலுக்கு அப்பால் ஓர் அம்மா இருக்கவில்லை என்பதையும் நான் மறைக்கப்போவதில்லை. மதிலே இல்லாத லயத்தில் இருந்தவர்கள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே படுத்துக் கிடந்தார்கள். சிலர் செத்தார்கள். அவர்கள் கையில் துவக்கு இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சொல்பவர், அந்தத் துவக்குக்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டியதும், நெருக்கடியில் அதைப் பிடுங்கியிருக்கக்கூடியதும் அதே அரசுதான் என்பதை நினைக்க மறந்துவிடுகிறார். துவக்குகள் அருகில் இருந்தும் என்ன ஆயிற்று என்பதற்குப் பிந்துனுவெவ இருக்கிறது. பண்டாரவளைக்கு அருகே, 2000 அக்டோபர் 25 காலை. புனர்வாழ்வு முகாமுக்குள் கத்தி பொல்லுகளோடு கும்பல் புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. ஆயுதம் தாங்கிய பொலிஸார் பலர் அங்கே நின்றிருந்தார்கள். அவர்கள் சுட்ட வேட்டு உயிர் தப்ப ஓடிய இளைஞர்கள் மீது பாய்ந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. 2003 இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005 இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு தண்டனை பெற்றவர் என்று எவரும் எஞ்சவில்லை. அங்கே பற்றாக்குறையாக இருந்தது துவக்கு அன்று. துவக்கு வைத்திருந்தவனைப் பொறுப்புக் கூற வைக்கும் நீதி.

பழைய கணக்கு போகட்டும். இன்றைக்கு வருவோம். இன்று கொஸ்லந்த, வெல்லவாய, புத்தல வழியில் போகிறவனை எது கொல்கிறது?

யானை என்பார்கள். புத்தல, கதிர்காமம் வீதியில் யானைகள் வழிமறித்து வாழைப்பழம் வாங்கிக்கொண்டு விடுவது ஊரறிந்த செய்தி. சுங்கம் வசூலிப்பதுபோல நிற்கும். பழக்கப்படுத்தியது நாம்தான், யாத்திரிகர் புண்ணியம் என்று எண்ணிப் பழம் நீட்டினார்கள். அந்த யானை மீது பன்னிரண்டு போர்த் துவக்கால் சிறு ரவை சுட்டால் அது சாகாது. திரும்பும். வானையும் ரொறன்ரோப் பேரப்பிள்ளைகளையும் சேர்த்துப் புரட்டும். அல்லது ரவையோடு காட்டுக்குள் போய்ப் புண் புரையோடி, மாதக்கணக்கில் வேதனைப்பட்டு, அடுத்து வருகிற வழிப்போக்கனை மிதிக்கும். 2023 ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் இந்நாட்டில் 400க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. துவக்கும் அதற்கொரு காரணம். அந்த வீதியோ யால காட்டை ஒட்டிப் போகிறது. தேசிய பூங்காவுக்குள் துவக்கோடு நுழைவதே குற்றம்.

கட்டுத்துவக்கை யாரும் பேசுவதில்லை. அதைத்தான் பேச வேண்டும். காட்டுப்பன்றி நடக்கும் தடத்தில், முழங்கால் உயரத்தில், உள்ளூரில் செய்த ஒரு குழலை மரத்தோடு கட்டிக் குறுக்கே கம்பியோ நூலோ இழுத்துவிடுவார்கள். கால் பட்டால் வெடிக்கும். காலுக்குரியவன் பன்றியா மனிதனா என்று அது கேட்பதில்லை. பதுளை, மொனராகலை மாவட்டங்களின் ஆஸ்பத்திரிகளில் தொடை சிதைந்து கிடப்பவர்களைச் செய்தியாளனாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். விறகு பொறுக்கப் போனவர்கள், தண்ணீர்க் குழாயைப் பார்க்கப் போனவர்கள், குறுக்கு வழியில் வீடு திரும்பியவர்கள். நெடுஞ்சாலையில் போகிற வானைவிட ஒற்றையடிப் பாதையில் போகிற காலுக்கே இங்கே ஆபத்து அதிகம். காட்டுப்பன்றியால் உழவன் படும் நட்டம் மெய்தான். அவனுக்குச் சட்டபூர்வமான பயிர்க்காவல் துவக்கு கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. கைப்பிடித்தவன் கண்ணால் பார்த்துச் சுடுகிற துவக்கு, கட்டிவிட்டுப் போன துவக்கை விட நூறு மடங்கு மேல். ஆனால் தோட்டத் தொழிலாளிக்கு அந்த வழியும் இல்லை. லயத்துக்குப் பின்னால் அவன் நடும் கிழங்கையும் போஞ்சியையும் பன்றி தோண்டிப் போகிறது; பயிர் உண்டு, உறுதிப்பத்திரம் இல்லை. நிலத்துக்கு உரிமை கேட்டுத் தலைமுறைகளாக நிற்கும் மக்களிடம் துவக்கு உரிமையைப் பற்றி அரட்டை அடிப்பது வெட்கக்கேடு.

பிறகு பஸ். 2021 மார்ச் 20 ஆம் திகதி லுணுகலை, பசறை வீதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2025 மே 11 ஆம் திகதி கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ் கொத்மலை கரண்டியெல்லவில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர். அதே ஆண்டு செப்டம்பர் 4 ஆம் திகதி இரவு எல்ல, வெல்லவாய வீதியில் சுற்றுலா பஸ் பாய்ந்து 15 பேர். நண்பர் இறங்கப்போகிற அதே வெல்லவாயவுக்கு எல்லயிலிருந்து வரும் இன்னொரு பாதை அது. இந்த மூன்று விபத்துகளில் போன உயிர்களை எந்தக் கொள்ளைக்காரனும் எடுக்கவில்லை. வளைவில் உறுதியான தடுப்புச் சுவர், பிரேக் பரிசோதனை, உறக்கம் பெற்ற ஓட்டுநர், அளவான பயணிகள். வழித்துணை என்றால் இவைதான். இவற்றைக் கேட்டு ஒரு மனு எழுத ரொறன்ரோவிலும் இலண்டனிலும் எத்தனை பேர் முன்வருவார்கள்? துவக்கைப் பற்றிப் பேசினால் மட்டும் இரவு பன்னிரண்டு மணி வரை தொலைபேசி ஓயாது.

மலையை விட்டுவிட்டேன். கொஸ்லந்தவுக்குப் போகிறவன் மலையை விட முடியுமா? 2014 அக்டோபர் 29 ஆம் திகதி காலை, பிள்ளைகள் பள்ளிக்கும் பெற்றோர் பெரட்டுக்கும் புறப்படும் நேரத்தில், மீரியபெத்தையின் லயங்களை மலை விழுங்கியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, மக்கள் லயத்தில் இருந்தார்கள். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மீண்டும் சரிவு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டமே துண்டு துண்டாயிற்று. பாதைகள் அறுந்தன, மண் சரிந்து குடும்பங்கள் புதைந்தன. இந்தப் பாதையில் எங்கே மண் ஈரமாக இருக்கிறது, எந்த வளைவில் கல் உருளும் என்பதை அறிய ஊர்க்காரன் ஒருவன் வேண்டும். மழை பெய்தால் பயணத்தை ஒரு நாள் ஒத்திப்போடும் பொறுமை வேண்டும்.

கொள்ளையே நடப்பதில்லையா என்று கேட்பீர்கள். நடக்கிறது. தனித்த வீடுகளில் நகை போகிறது; பணத்தோடு போகிறவன் வழிமறிக்கப்படுகிறான். தேயிலைச் சிறுதோட்டக்காரருக்கு நான் சொன்ன பதில் எளியது: கொழுந்துப் பணத்தைக் கையில் வாங்காதீர், வங்கியில் போடச் சொல்லும். அவருக்கு ஏமாற்றம்தான். துவக்கு வாங்க ஒரு காரணம் போயிற்றே!

என் நண்பரிடமும் இதையெல்லாம் சொன்னேன். இவ்வளவு நீளமாக இல்லை. அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சரி, யானை மறித்தால் என்ன செய்வது?" என்றார். வானை எட்டத்திலேயே நிறுத்தச் சொன்னேன். ஹோர்ன் அடிக்கக் கூடாது. விளக்கை மின்னக் கூடாது. பழம் நீட்டவே கூடாது. பின்வாங்க இடம் வைத்துக்கொள்ள வேண்டும். புத்தலயை வெளிச்சம் இருக்கும்போதே கடந்துவிட வேண்டும். கொழும்பு ஓட்டுநரை ஹல்துமுல்லையோடு அனுப்பிவிட்டு, அப்பால் அந்த ரோட்டுக்காரர் ஒருவரை வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

நேற்று மறுபடி அழைத்தார். வெல்லவாயவில் ஓட்டுநர் ஒருவர் கிடைத்துவிட்டாராம். பெயரைச் சொன்னார், சிங்களப் பெயர். கொஸ்லந்தவில் இரண்டு நாளை மூன்றாக்கியிருக்கிறாராம். பிறந்த லயம் இன்னும் நிற்கிறதா என்று முன்கூட்டியே போய்ப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அடுத்த வாரம் போகிறேன்.